வேட்டிச் சட்டத்தில் கைலியையும் சேருங்கள்: சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு சட்டமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம். நான் குறிஞ்சிப்பாடியில் கைலி நெய்கிற ஒருவரின் மூத்த மகள். கல்யாணமாகிச் சென்னையில் குடியிருக்கிறேன். உங்களிடம் கேட்க ஒரே ஒரு விஷயம்தான் இருக்கிறது. ‘வேட்டிச் சட்டம்’ என்று எல்லோரும் சொல்கிற, வேட்டி கட்டியவரைப் பொது இடங்களில் தடுக்கக் கூடாது என்று 2014-இல் இதே சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில் கைலியைப் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். ஏன் கேட்கிறேன் என்பதைச் சொல்லக் கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்கிறேன். பொறுமையாக முழுவதும் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மார்கழி மாதத்தில் ஒரு நாள் என் தங்கைக்குப் பிரசவ வலி எடுத்தது. டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. இரவு ஒன்பது மணிக்கு அப்பாவுக்குப் போன் போட்டேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, கட்டியிருந்த கைலியோடு அப்படியே கிளம்பிவிட்டார். வடலூரில் பஸ் பிடித்து, விடியற்காலையில் கிளாம்பாக்கத்தில் இறங்கி, அங்கிருந்து இரண்டு பஸ் மாறி ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து சேர்ந்தார். கையில் ஒரு வயர் கூடை. அதற்குள் அம்மா கொடுத்தனுப்பிய பிரசவ லேகியமும், மடித்து வைத்த பழைய கைலித் துணிகளும். பிறந்த பிள்ளையைப் படுக்க வைக்கப் புதுத்துணி உறுத்தும். வருஷக்கணக்கில் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட கைலியைக் கிழித்து, வெந்நீரில் அலசி, வெயிலில் உலர்த்தி வைப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். நானும் என் தங்கையும் அப்படிப்பட்ட துணியில்தான் கிடந்தோம்.

வாசலில் செக்யூரிட்டி தடுத்துவிட்டார். “பெரியவரே, லுங்கியோட உள்ள விட முடியாது. பேன்ட் இல்லன்னா வேட்டி கட்டிட்டு வாங்க.”

அப்பா மடித்துக் கட்டியிருந்த கைலியை உடனே இறக்கிவிட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். “பொண்ணுக்குக் குழந்தை பிறந்திருக்கு தம்பி, பெரிய பொண்ணு மேலதான் இருக்கா” என்றார். நான் பார்வையாளர் பாஸை எடுத்துக்கொண்டு கீழே ஓடி வந்தபோது அவர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஓரமாக, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நின்றுகொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் ஒருவர் காரிலிருந்து இறங்கி வந்தார். முட்டிக்கு மேலே ஒரு சாண் ஏறி நிற்கிற ஷார்ட்ஸ், கசங்கிய டி-ஷர்ட், ரப்பர் செருப்பு. தூங்கி எழுந்த கோலத்தில் அப்படியே வந்திருக்கிறார் என்று பார்த்தாலே தெரிந்தது. அவரை நான் குறை சொல்லவில்லை. அவர் வீட்டிலும் யாருக்காவது உடம்பு முடியாமல் இருந்திருக்கும், அவசரத்தில் ஓடி வந்திருப்பார். செக்யூரிட்டி அவருக்குக் கதவைத் திறந்து பிடித்தார்.

நான் சண்டை போட்டேன். செக்யூரிட்டி சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் காட்டினார். “மேடம், நிர்வாகத்துல சொல்லியிருக்காங்க. நான் விட்டா எனக்கு வேலை போயிடும்” என்றார். கூடையை மட்டும் உள்ளே கொண்டுபோகலாம் என்றார். கூடைக்குள் இருந்ததும் கைலிதான்.

கடைசியில் தங்கை வீட்டுக்காரரின் பையில் ஒரு டிராக் பேன்ட் இருந்தது. அதைக் கொண்டுவந்து கொடுத்தேன். பக்கத்து டீக்கடையின் பின்புறம் போய் அப்பா அதை மாட்டிக்கொண்டு வந்தார். அறுபத்தெட்டு வயசில் அவர் போட்ட முதல் பேன்ட் அதுதான். அதுவும் மாப்பிள்ளையுடையது. இடுப்பில் நிற்காமல் இறங்கியதால் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே நடந்தார். பேரப்பிள்ளையைக் கையில் கொடுத்தபோது, “பிடிக்க முடியாதும்மா, நீயே வெச்சிரு” என்றார். தூக்கத் தெரியாமல் அப்படிச் சொல்லவில்லை. எங்களை வளர்த்த கை அது. இடுப்பை விட முடியாததுதான் காரணம்.

வீட்டுக்கு வந்ததும் கைலியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் அந்தக் கைலியின் ஓரத்தை விரலால் நெருடிப் பார்த்தபடி, “இது நம்ம தறியில அறுத்ததும்மா” என்றார்.

நான் இதை எழுதுவதற்கு அந்த ஒரு வாக்கியம்தான் காரணம்.

ஆஸ்பத்திரியின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அந்த ஓர் இடத்தோடு முடிகிற கதை இல்லை இது. நகைக்கடை, பெரிய ஓட்டல், மால், சில பள்ளிக்கூடங்கள் என்று எத்தனையோ வாசல்களில் இதே வாசகத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்த்துவிட்டுக் கடந்து போயிருப்பீர்கள், நானும் வருஷக்கணக்கில் அப்படித்தான் கடந்து போனேன்.

2014 ஜூலையில் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சென்னை உயர் நீதிமன்றத்தில் பதவியில் இருந்த நீதிபதி து. அரிபரந்தாமன், சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்க மன்றத்தில் நடந்த ஒரு நூல் வெளியீட்டுக்குப் போனார். வேட்டி கட்டியிருந்தார் என்பதற்காக அவரை உள்ளே விடவில்லை. தமிழ்நாடே கொதித்தது. சட்டமன்றத்தில் எல்லாக் கட்சிகளும் ஒரே குரலில் கண்டித்தன. அடுத்த மாதமே, ஆகஸ்டில், சட்டம் வந்துவிட்டது. தமிழர் பண்பாட்டைக் காட்டும் வேட்டியோ வேறு எந்த இந்தியப் பாரம்பரிய உடையோ அணிந்து வருபவரை, அந்த உடையைக் காரணம் காட்டி எந்தப் பொது இடத்திலும் தடுக்கக் கூடாது. மன்றம், சங்கம், அறக்கட்டளை, நிறுவனம் எதுவும் அப்படி ஒரு விதி வைத்திருக்கக் கூடாது. மீறினால் உரிமம் ரத்தாகலாம், ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம்.

நல்ல சட்டம். நெசவாளி வீட்டுப் பெண்ணாக அன்றைக்கு நானும் சந்தோஷப்பட்டேன். நீதிபதிக்கு நேர்ந்தது அவமானம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரே மாதத்தில் சட்டம் கொண்டுவர முடிந்தது என்றால் மனம் இருந்தால் எவ்வளவு வேகமாக வேலை நடக்கும் என்பதும் அன்றைக்குத் தெரிந்தது.

ஆனால் அந்தச் சட்டத்தை இன்றைக்குத் திரும்பப் படிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. அதில் பெயர் சொல்லிக் காப்பாற்றப்பட்டிருப்பது வேட்டி மட்டும். கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் கூட்டத்துக்கும் கட்டுகிற துணி அது. அரசாங்கமே 1983-லிருந்து பொங்கலுக்கு இலவச வேட்டி சேலை கொடுத்துவருகிறது. எங்கள் தெருவில் அதை வாங்கிப் பெட்டியில் வைத்து, நாள் கிழமைக்கு எடுத்துக் கட்டுவார்கள். மற்ற நாளெல்லாம் என்ன கட்டுகிறார்கள்? கைலிதான். மீன் ஏலம் எடுப்பவர், மூட்டை தூக்குபவர், லாரி ஓட்டுபவர், கொத்தனார், பரோட்டா மாஸ்டர், ஆடு மேய்ப்பவர் எல்லோருக்கும் அதுதான். ஊருக்கு ஊர் பெயர் மாறும். சென்னைப் பக்கம் லுங்கி, தெற்கே சாரம், மற்ற இடங்களில் கைலி. நாட்டின் பெரும்பாலான வேலை அந்தத் துணியைக் கட்டிக்கொண்டுதான் நடக்கிறது.

“வேறு எந்த இந்தியப் பாரம்பரிய உடையும்” என்பதில் கைலியும் அடங்கிவிடுமே என்று நீங்கள் சொல்லலாம். ஒரு நல்ல வழக்கறிஞர் நீதிமன்றத்தில் அப்படி வாதாடி ஜெயிக்கவும் கூடும். ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் காலை ஏழு மணிக்கு வயர் கூடையோடு நிற்கிற மனிதரோடு வழக்கறிஞர் வந்து நிற்கமாட்டார். அங்கே சட்டத்தின் வாசகம் மட்டும்தான் துணை. அந்த வாசகத்தில் அவர் கட்டியிருக்கிற துணியின் பெயர் இருக்க வேண்டும்.

முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இதைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன்.

கைலி கட்டத் தெரிந்த யாருக்கும் தெரியும், அது ஒரு துணி, இரண்டு நிலை. வேலை செய்யும்போது மடித்துக் கட்டுவது. மரியாதைக்குரியவர் எதிரே வந்தால் இறக்கிவிடுவது. இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுப்பதில்லை, பையன்கள் பார்த்துப் பழகிவிடுவார்கள். பெரியவர் ஒருவர் தெருவில் வந்தால் கை தானாக மடிப்பை அவிழ்த்துவிடும். அழகான பழக்கம். ஆனால் அதே பழக்கத்துக்குள் ஓர் அசிங்கமும் ஒளிந்திருக்கிறது. சில ஊர்களில் சிலர் மட்டும், சில தெருக்களில், வயது வித்தியாசம் இல்லாமல் இறக்கிவிட்டே ஆக வேண்டும். எதிரே வருபவன் பத்து வயசுப் பையனாக இருந்தாலும் அறுபது வயசுக்காரர் மடிப்பை இறக்க வேண்டும், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் தொகுதிகளிலேயே இப்படி வாழ்ந்தவர்கள் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

1930 டிசம்பரில் இராமநாதபுரத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். வரலாற்றில் பதிவான செய்தி இது. தங்க நகையும் வெள்ளி நகையும் போடக் கூடாது என்பது ஒன்று. ஆண்கள் இடுப்புக்கு மேலேயும் முழங்காலுக்குக் கீழேயும் துணி கட்டக் கூடாது என்பது இன்னொன்று. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்பை மறைக்கும் தோள்சீலைக்காகப் பெண்கள் பல ஆண்டுகள் அடிபட்டுப் போராடிய பிறகுதான், 1859-இல் திருவிதாங்கூர் அரசு இறங்கிவந்தது. ஆக, நம் மண்ணில் ஏழைக்குச் சொல்லப்பட்ட விதி ஒரு காலத்தில் ‘நீளமாகக் கட்டாதே’ என்பது. முழங்காலை மூடினால் குற்றம். இன்றைக்கு என் அப்பாவுக்குச் சொல்லப்படுவது ‘கணுக்கால் வரை பேன்ட் போடு’. மடித்துக் கட்டிய கைலியில் முழங்கால் தெரிந்தால் அநாகரிகம். அதே வாசலில், முழங்காலுக்கு மேலே ஒரு சாண் ஏறிய ஷார்ட்ஸுக்குக் கதவு திறக்கிறது.

அப்பா கைலியை இறக்கிவிட்ட பிறகும் உள்ளே விடவில்லையே. கணுக்கால் வரை மூடி நின்றார். அப்படியானால் பிரச்சினை முழங்காலும் இல்லை, நீளமும் இல்லை, துணியும் இல்லை. கறுத்து ஒட்டிய கன்னம், வெடித்த குதிகால், வயர் கூடை, “தம்பி” என்று கூப்பிடும் பேச்சு இவற்றைப் பார்த்து முதலில் முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு சொல்வதற்கு ஒரு காரணம் தேவைப்படுகிறது, அப்போது துணி அகப்படுகிறது. “இவர் ஏழை, உள்ளே விடாதே” என்று எந்த நிறுவனமும் சுவரில் எழுதி ஒட்ட முடியாது. “லுங்கி அணிந்து வருபவர்களுக்கு அனுமதி இல்லை” என்று எழுதலாம். இரண்டும் ஒரே ஆளைத்தான் நிறுத்துகின்றன.

சாதாரண உடையில் வெளியே வருபவரைப் பார்த்து அவருடைய அந்தஸ்தைச் சொல்லிவிடலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வசதி உள்ளவர் சாதாரணமாக வந்தால் ‘எவ்வளவு எளிமை’ என்கிறோம். வசதி இல்லாதவர் சாதாரணமாக வந்தால் ‘டீசன்ட்டா வரக் கூடாதா’ என்கிறோம். அப்போது துணை முதலமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலின் டி-ஷர்ட் அணிவது பற்றி 2024-இல் உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போனது. அந்த வழக்கின் சரி தப்புக்குள் நான் போகவில்லை. அவரை எந்த வாசலிலும் யாரும் நிறுத்தப்போவதில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். காந்தி 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் சட்டையையும் தொப்பியையும் துறந்து முழத்துண்டுக்கு மாறினார். அது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் வேண்டும் என்று முடிவெடுத்துக் குறைத்துக்கொள்வது வேறு. இருப்பதே அதுதான் என்று கட்டிக்கொண்டு நிற்பது வேறு. முதலாவதற்கு மதுரையில் நினைவுச் சின்னம் இருக்கிறது.

வாசலில் சொல்கிற காரணம் வெறும் சாக்குதான் என்பதற்கு நம்மைச் சுற்றியே சாட்சிகள் இருக்கின்றன. 2023 மார்ச்சில் சென்னைக் கோயம்பேட்டுப் பக்கம் ஒரு திரையரங்கில், கையில் டிக்கெட் வைத்திருந்த நரிக்குறவர் குடும்பத்தைத் தடுத்தார்கள். குழந்தைகளின் வயதும் படத்தின் தணிக்கைச் சான்றிதழும்தான் காரணம் என்று திரையரங்கு விளக்கம் சொன்னது. அங்கே நின்றிருந்த மற்ற ரசிகர்கள் அதை நம்பவில்லை, அவர்கள் குரல் கொடுத்த பிறகுதான் அந்தக் குடும்பம் உள்ளே போனது. 2024 பிப்ரவரியில் பெங்களூரு ராஜாஜிநகர் மெட்ரோ நிலையத்தில், தலையில் மூட்டையோடு வந்த ஒரு விவசாயியை உடை அழுக்காக இருக்கிறது என்று நிறுத்தினார்கள். அவரிடமும் டிக்கெட் இருந்தது. சக பயணிகள்தான் அவருக்காகச் சண்டை போட்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் அதே பெங்களூரில் ஒரு மாலுக்கு, மகனோடு படம் பார்க்க வந்த முதியவரைப் பஞ்சை கட்டியிருந்ததால் விடவில்லை. பஞ்சை என்றால் அங்கே வேட்டி. கர்நாடக அரசு அந்த மாலை ஏழு நாள் மூடவைத்தது. வங்கதேசத்தில் டாக்கா நகரின் பாரிதாரா என்ற பணக்காரக் குடியிருப்பில், 2013-இல் ரிக்‌ஷா ஓட்டுபவர்கள் லுங்கி கட்டிக்கொண்டு உள்ளே வரக் கூடாது என்று குடியிருப்போர் சங்கம் தடை போட்டது. சவாரி ஏறி உட்காருவதற்கு அவர்கள் வேண்டும், கட்டியிருக்கும் லுங்கி மட்டும் கூடாது. இளைஞர்கள் லுங்கி கட்டி ஊர்வலம் போனார்கள், விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது.

ராஜாஜிநகரில் வேலை போனது யாருக்கு? பாதுகாப்புப் பணியில் இருந்த மேற்பார்வையாளருக்கு. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. எங்கள் அப்பாவைத் தடுத்த அந்தத் தம்பியும் ஒப்பந்தக் கூலிதான். பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு அறைக்குப் போனதும் அவரும் கைலிதான் கட்டுவார். “விடும்மா, அந்தத் தம்பி என்ன பண்ணும்” என்று அப்பா அங்கேயே சொன்னார். விதி போடுகிறவர் மாடியில் இருக்கிறார், பழி மட்டும் வாசலுக்கு வருகிறது. 2014 சட்டம் உரிமத்தில் கை வைக்கிறது, அதனால்தான் அந்தச் சட்டத்தின் மீதே எனக்கு நம்பிக்கை.

கைலியைப் பாரம்பரியம் என்று சொல்ல முடியுமா, அது வீட்டில் கட்டுகிற துணிதானே என்று சிலர் கேட்கிறார்கள். இதற்குப் பதில் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்றே நினைக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ராட்டையில் தறி நூலைத் தார்க்குச்சியில் சுற்றிவிட்டுத்தான் நாங்கள் விளையாடப் போவோம். நீளவாக்கில் ஓடும் பாவு நூலும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் ஒரே கணக்கில் நிறம் மாறினால்தான் கட்டம் சதுரமாக விழும். ஒரு இழை பிசகினால் கட்டம் கோணிக்கொள்ளும், அதை வியாபாரி கழித்துவிடுவார், கூலியும் போய்விடும். அப்பா குழித்தறியில் உட்கார்ந்து மிதித்தால், எண்ணாமலேயே அவருக்குக் கட்டம் எங்கே முடிகிறது என்று தெரியும். கால் சொல்லும் என்பார்.

இந்தக் கட்டம் போட்ட துணி நம் கடற்கரையிலிருந்து உலகத்துக்கே போயிருக்கிறது. மலேசியாவில் இன்றைக்கும் கட்டம் போட்ட சாரத்துக்கு ‘காயின் பெலேக்காட்’ என்று பெயர். பெலேக்காட் வேறெதுவும் இல்லை, நம் பழவேற்காடுதான். மியான்மரில் அமைச்சர்களே லுங்கி கட்டிக்கொண்டுதான் அரசு விழாவுக்கு வருகிறார்கள், அங்கே அது முறையான உடை. 1960-களில் அமெரிக்காவில் வசதியான கல்லூரி மாணவர்கள் நம் ‘மெட்ராஸ்’ கட்டத்துணியில் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டார்கள். துவைக்கத் துவைக்கச் சாயம் போகும் என்பதையே சிறப்பாக விளம்பரம் செய்து விற்றார்கள். விடுமுறைக்கும் படகு சவாரிக்கும் போகிற பணக்காரரின் அடையாளமாக அந்தத் துணி அங்கே ஆனது. அதே நூல், அதே சாயம், அதே கட்டம். இங்கே சுமை தூக்குபவரின் இடுப்பில் இருந்தால் ‘அனுமதி இல்லை’.

நம் நாட்டுச் சட்டமே ஓரிடத்தில் லுங்கியை மதித்திருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1985-இல் வந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்படி, விசைத்தறியில் நெய்யக் கூடாது, கைத்தறிக்கு மட்டுமே உரியது என்று 22 வகைத் துணிகள் ஒதுக்கப்பட்டன. இப்போது அந்தப் பட்டியலில் 11 வகைதான் மிச்சம். சேலை, வேட்டி, துண்டு ஆகியவற்றோடு லுங்கியும் அந்தப் பதினொன்றில் இருக்கிறது. நெய்பவனைக் காப்பாற்ற லுங்கி என்ற பெயரைச் சட்டத்தில் எழுத முடிந்தது. கட்டுபவனைக் காப்பாற்ற ஏன் எழுத முடியாது?

இன்னும் இரண்டு பேச்சு வரும். தனியார் இடம், அவர்கள் விதி, உனக்கென்ன என்பது ஒன்று. அந்தக் கேள்விக்கு நீங்களே 2014-இல் பதில் சொல்லிவிட்டீர்கள். கிரிக்கெட் சங்க மன்றம் தனியார் இடம்தான். இன்னொன்று, கைலி கட்டியவர்கள் குடித்துவிட்டு வருவார்கள், கண்ணியமாக உட்காரமாட்டார்கள் என்பது. குடித்துவிட்டு வருபவரைக் குடித்ததற்காகத் தடுங்கள். கலாட்டா செய்பவரைக் கலாட்டாவுக்காக வெளியே அனுப்புங்கள். பேன்ட் போட்டவரையும் அப்படித்தானே அனுப்புவீர்கள்? வேலை செய்யும் இடத்தில் ஊழியர்களுக்கு உடை விதி இருப்பதை நான் எதிர்க்கவில்லை. தலைமைச் செயலக ஊழியர்களுக்கு 2019-இல் அரசு அப்படி ஓர் ஆணை போட்டது, அது நிர்வாகம் சம்பந்தப்பட்டது. ஆபரேஷன் தியேட்டருக்குள் போகிறவர் உடை மாற்றத்தான் வேண்டும், அதற்குக் காரணம் கிருமி. பார்வையாளர் நேரத்தில் மகளைப் பார்க்க வருபவருக்கு என்ன காரணம்?

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். என்னைக் கல்லூரியில் சேர்க்க அப்பா கடலூருக்கு வந்தபோது, முந்தின நாள் இரவே நான் சொல்லியிருந்தேன், “கைலியில வராதப்பா, வேட்டி கட்டிட்டு வா” என்று. அவர் ஒன்றும் சொல்லாமல் பெட்டியைத் திறந்து வேட்டியை எடுத்து வைத்தார். அந்தக் கல்லூரிக் கட்டணம் கைலி நெய்து சேர்த்த காசு. பதினெட்டு வயசில் எனக்கு அந்த வெட்கத்தைக் கற்றுக்கொடுத்தது எது என்று இப்போது யோசித்தால், இதே மாதிரி அறிவிப்புகள்தான். ஒரு சமூகம் சுவரில் எழுதி வைப்பதைப் பிள்ளைகள் படித்துக்கொண்டுதான் வளர்கிறார்கள்.

அதனால் நான் கேட்பது இதுதான். அடுத்த கூட்டத்தொடரில் ஒரு சிறிய திருத்த மசோதா கொண்டுவாருங்கள். ‘வேட்டி’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘கைலி, லுங்கி, சாரம்’ என்று சேருங்கள். பெயின்ட் கறை படிந்த சட்டையோடு வரும் பெயின்டரையும், சிமென்ட் ஒட்டிய காலோடு வரும் சித்தாளையும் அந்த உடைக்காகத் தடுக்கக் கூடாது என்று தொழில் செய்யும் உடைக்கும் ஒரு வரி எழுதுங்கள். கடைக்கும் பள்ளிக்கூட வாசலுக்கும் நைட்டி மேல் துண்டு போட்டு வருகிற பெண்களை விரட்டுவதும் இதே கதைதான், அவர்களையும் மறந்துவிடாதீர்கள். ஒருவரைத் தடுத்தால் என்ன காரணத்துக்காகத் தடுத்தோம் என்று நிர்வாகம் எழுத்தில் தர வேண்டும் என்று வையுங்கள். எழுதித் தர வேண்டும் என்றாலே பாதி அறிவிப்புகள் சுவரிலிருந்து இறங்கிவிடும். தண்டனை, விதியைப் போட்ட நிர்வாகத்துக்குப் போகட்டும், வாசலில் நிற்கிற ஒப்பந்தத் தொழிலாளிக்கு வேண்டாம்.

சட்டம் வரும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. உங்கள் தொகுதியில் இப்படி அறிவிப்பு வைத்திருக்கும் ஆஸ்பத்திரிக்கும் மாலுக்கும் நீங்களே ஒருமுறை நேரில் போங்கள். போய் அந்த நிர்வாகத்திடம் காரணம் கேளுங்கள். சட்டமன்ற உறுப்பினர் கேட்டால் பதில் வரும், எனக்கு வரவில்லை. நான் அனுப்பிய புகாருக்கு, உங்கள் கருத்துக்கு நன்றி என்று ஒரு வரி வந்தது.

தை பிறந்து பேரப்பிள்ளைக்குப் பெயர் வைத்தோம். அன்றைக்கு அப்பா வேட்டி கட்டி வந்தார், முறைப்படி. பிள்ளையை மடியில் வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காதில் பெயர் சொன்னார். அடுத்த வாரம் தடுப்பூசிக்குப் பிள்ளையை அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும், கார்டு அங்கேதான் இருக்கிறது. துணைக்கு வாங்கப்பா என்று தங்கை கூப்பிட்டதற்கு, தறியில் பாவு போட்டிருக்கிறேன், நீங்களே போய்வாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
கைலி நெசவாளி ஒருவரின் மகள்,
சென்னை.